நாற்பத்தொன்றாம் அளவுப் பூட்ஸ்

உடுப்பறை வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். துவைக்கும் இயந்திரத்தில் எந்தப் பொத்தானை அமத்துவது, பந்துக்கு எவ்வளவு காற்று அடிப்பது என்பதெல்லாம் இதில் இல்லை. அவை இயந்திரத்தோடு வரும் புத்தகத்தில் இருக்கின்றன. அதை நீங்கள் வாசிக்க மாட்டீர்கள் என்பதும் எனக்குத் தெரியும். கழகத்தில் இதை டெனிஷில் எழுதித் தரும்படிதான் கேட்டார்கள். டெனிஷில் எனக்கு நன்றி சொல்ல நன்றாக வரும். கோபமும் வெட்கமும் தமிழில்தான் வருகின்றன. இந்தக் கதைக்கு அந்த இரண்டும் தேவைப்படுகின்றன. தமிழ் வாசிக்கத் தெரியாதவர்கள் அம்மாவிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். அவவுக்கும் உங்களோடு கதைக்க ஒரு சாட்டுக் கிடைக்கும்.

எண்பதுகளின் நடுவில் நான் இந்த வேலைக்கு வந்தேன். கிரின்ஸ்டெட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர், அந்த ஊருக்கு ஒரு உதைபந்தாட்டக் கழகம். எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது. அகதிகள் அலுவலகத்தில் இருந்த பெண் ஒரு படிவத்தைப் பார்த்துவிட்டு, "உடுப்புத் துவைக்கத் தெரியுமோ?" என்று கேட்டார். தெரியும் என்றேன். ஊரில் பள்ளிக்கூட அணிக்கு இடதுபக்கத்தில் நாலு வருடம் விளையாடியவன் நான். அதை அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கேட்காததைச் சொல்வது அடக்கமில்லாத காரியம் என்று நினைத்திருந்தேன்.

முதல் மாதத்திலேயே ஒரு பெரிய பிழை விட்டேன். வெளியூர் ஆட்டத்துக்கு மேற்சட்டைப் பெட்டியை ஏற்றாமல் பஸ்ஸை அனுப்பிவிட்டேன். எங்கள் ஆட்கள் எதிரணியிடம் பழைய சட்டை இரவல் வாங்கி, நெஞ்சில் பன்றித் தீவன விளம்பரத்தோடு விளையாடினார்கள். வென்றும் விட்டார்கள். இன்றைக்கும் கழகத்தில் கிழடுகள் என்னைக் கண்டால் பன்றி மாதிரி ஒரு சத்தம் போட்டுச் சிரிப்பார்கள். நாலு பேருக்குத் தெரிந்த பிழை அப்படித்தான், சிரிப்போடு முடிந்துவிடும். நான் சொல்லப்போவது ஒருவருக்கும் தெரியாமல், மிகவும் மரியாதையாக நான் விட்ட பிழையைப் பற்றி.

அடுத்த வருடம் சித்திரையில் ரூபன் வந்தான். பெயரைக் கேட்டதும் எங்கள் பெடியன் ஒருவன் வருகிறான் என்று நான் சந்தோஷப்பட்டேன். டெனிஷ்காரரிலும் ரூபன்கள் இருக்கிறார்கள், ஆனபடியால் அவர்களும் தங்கள் ஆள் வருகிறான் என்று நினைத்தார்கள். வந்தவன் பசிபிக் சமுத்திரத்தில் சாலமன் தீவுகளைச் சேர்ந்தவன். அங்கே தண்ணீர்க் குழாய் போடப் போன எங்கள் ஊர்ப் பொறியியலாளர் ஒருவர், கடற்கரையில் அவன் விளையாடுவதைப் பார்த்துவிட்டுக் கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதி வரவழைத்தார். இருபத்தொரு வயது. கட்டையன். என் தோளுக்குத்தான் நிற்பான். கால்கள் மட்டும் நட்டு வைத்த உரல்கள் போல இருக்கும்.

அவனுக்கு ஆனி மாதக் கடைசி வரைக்கும்தான் ஒப்பந்தம். கோடை விடுமுறைக்கு முந்திய கடைசி ஆட்டம் முடிந்ததும் நிர்வாகக் குழு கூடி, அவனை வைத்திருப்பதா அனுப்புவதா என்று முடிவு செய்யும். ஒப்பந்தம் இல்லையென்றால் விசாவும் இல்லை. "என்னை வைச்சிருந்தா அடுத்த வருஷம் எங்கட ஆக்களில இன்னும் ரெண்டு பேரைக் கூப்பிடுவினமாம். என்னை அனுப்பினா எங்கட தீவுப் பக்கம் இனி ஒருத்தரும் திரும்பிப் பார்க்க மாட்டினம், அண்ணை" என்று வந்த கிழமையே என்னிடம் சொன்னான். நாங்கள் பேசியது இங்கிலீஷ். அவனுடைய இங்கிலீஷும் என்னுடைய இங்கிலீஷும் வேறு வேறு கடல்களில் குளித்து வந்தவை. அதனால் எல்லாவற்றையும் எங்கள் பேச்சிலேயே எழுதிவிடுகிறேன். மூத்தவனைக் கூப்பிட அவன் தன் பாஷையில் ஒரு சொல் வைத்திருந்தான். அதை நான் அண்ணை என்று எழுதுகிறேன்.

முதல் நாள் பயிற்சியில் அவனிடம் பூட்ஸ் இல்லை. வெறுங்காலோடு இறங்கினான். ஜூட்லாந்தின் சித்திரை மாதப் புல் எப்படியிருக்கும் என்று உங்களுக்குத் தெரியும், ஐஸ்பெட்டிக்குள் கால் வைத்த மாதிரி. அவனுக்கு அது தெரிந்ததாகவே தெரியவில்லை. பந்து காலை விட்டுப் போகவில்லை. மூன்று பேரை வெட்டிக்கொண்டு போய், நாலாவது ஆளுக்காக நின்று, அவன் வந்ததும் அவனையும் வெட்டினான். மற்றவர்கள் ஓடுவதை விட்டுவிட்டு இடுப்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பயிற்சியாளர் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். லேசில் வாய் திறந்து புகழாத மனுசன். அவர் விசிலை வாயிலிருந்து எடுத்து, "இவனுக்கு உடன பூட்ஸ் வேணும்" என்றார்.

கழகத் தலைவர் ஊரில் சப்பாத்துக் கடை வைத்திருந்தவர். நல்ல மனுசன், இதில் அவர்மேல் ஒரு குற்றமும் இல்லை. அடுத்து வந்த சனிக்கிழமையே மன்றத்தில் கேக்கும் கோப்பியும் வைத்து, பத்திரிகைக்காரனையும் கூப்பிட்டு, புதுப் பூட்ஸ் ஒரு சோடியை ரூபனுக்குப் பரிசாகக் கொடுத்தார். காலை அளந்து பார்க்கவில்லையா என்று பொறியியலாளர் கேட்டதற்கு, "முப்பது வருஷமாச் சப்பாத்து விக்கிறன். ஆளைக் கண்டாலே அளவு தெரியும்" என்றார். ஆள் கட்டையன், ஆகவே நாற்பத்தொன்று. வெறுங்காலோடு மண்ணிலும் பாறையிலும் வளர்ந்த கால் எப்படி விரிந்திருக்கும் என்று அவர் எங்கே கண்டார். நான் கண்டிருக்கிறேன். எனக்கே அப்படிப்பட்ட கால்தான்.

ரூபன் இரண்டு கையாலும் வாங்கி, தலையைக் குனிந்து நின்றான். கை தட்டினார்கள். போட்டுக்காட்டச் சொன்னார்கள். போட்டான், கொஞ்சம் நேரம் எடுத்தது. முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. படம் பிடித்தார்கள்.

அதற்குப் பிறகு வந்த முதல் ஆட்டத்தில் ரூபனை எவரும் கண்டதாகத் தெரியவில்லை. பந்து வந்தால் உடனே பக்கத்தில் நிற்பவனுக்குத் தட்டிவிட்டான். ஓடவேண்டிய இடத்தில் நடந்தான். அன்று உடுப்புகளைத் துவைக்க எடுத்தபோது, அவனுடைய மேசுகள், அதுதான் காலுறைகள், இரண்டும் விரல் பக்கத்தில் இரத்தத்தில் ஊறிக் காய்ந்து, மட்டை மாதிரி இருந்தன. எனக்கு அந்த நிமிடமே எல்லாம் விளங்கிவிட்டது. நான் என்ன செய்தேன் தெரியுமா? குளிர்ந்த தண்ணீரில் உப்புப் போட்டு, ஒரு கறையும் தெரியாமல் துவைத்து, மடித்து, அவனுடைய இடத்தில் வைத்தேன். என் தொழிலில் அவ்வளவு சுத்தமாக ஒரு மேசும் நான் அதற்கு முன் துவைத்ததில்லை.

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்று சொல்லி வளர்க்கப்பட்டவன் நான். அதுவும் நாலு பேருக்கு முன்னால் படம் பிடித்துக் கொடுத்த மாடு. என்னுடைய வேலைக் கடிதத்தில் கையெழுத்து வைப்பவரும் அதே தலைவர்தான். என் சொந்த விசாவே வருடத்துக்கு வருடம் தொங்கிக்கொண்டிருந்த காலம். ரூபனுடைய ஊரிலும் இதே கதைதான்; பெரியவர் ஒருவர் கையால் தந்ததைக் குறை சொன்னால் தந்தவரையே குறை சொன்னதாகும். இரண்டு தீவில் இருந்து வந்த இரண்டு மரியாதைக்காரர் ஒரே உடுப்பறையில் அகப்பட்டுக்கொண்டோம்.

அடுத்த பயிற்சியில் கேட்டேன். "பூட்ஸ் எப்பிடி, ரூபன்?"

"நல்ல பூட்ஸ், அண்ணை."

அவன் என் முகத்தைப் பார்த்தான். நான் அவனுடைய மேசுகளைப் பார்த்தேன். அதோடு கதை முடிந்தது. அடுத்த ஆட்டத்துக்குப் பிறகும் அதையே கேட்டேன், அதையே சொன்னான்.

சொல்லாமல் சரிசெய்துவிடலாம் என்று எனக்கு ஒரு யோசனை வந்தது. இந்த யோசனை உங்களுக்கும் வரும். வந்தால் கொஞ்சம் உட்காருங்கள், தண்ணீர் குடியுங்கள், போகும்வரை பொறுத்திருங்கள். நான் பொறுக்கவில்லை. கார் வைத்திருந்த ஒருவரோடு தொற்றிக்கொண்டு எஸ்பியர்க்குக்குப் போனேன். அங்கே மீன் தொழிற்சாலையில் வேலை செய்த சூசை அண்ணை இருந்தார், மன்னார் ஆள். தோலை இளக்குவதற்கு என்ன வழி என்று அவரிடம் கேட்டேன்.

"இதென்னடா கேள்வி? தேங்காயெண்ணெய்தான். ரெண்டு நாள் ஊறவிட்டியெண்டா இரும்பும் இளகும்."

"உங்களிட்ட இருக்கோ, அண்ணை?"

"லண்டனில இருந்து மச்சாள் அனுப்பினது ஒரு போத்தல் கிடக்கு. பொறு, கல்லாய் இருக்கும், உருக்கித் தாறன்."

போத்தலை ஹீட்டருக்கு மேல் வைத்து, அது உருகும்வரை இருவரும் தேத்தண்ணி குடித்துக்கொண்டு காத்திருந்தோம். உருகியதும் பாதியை ஒரு ஜாம் போத்தலில் ஊற்றித் தந்தார். இந்த நாட்டில் தேங்காயெண்ணெய் உறைந்துவிடும் என்பதை எங்கள் கண்ணாலேயே பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். அப்போதும் இரண்டு பேருக்கும் மூளை வேலை செய்யவில்லை.

துவைக்கும் அறை எப்போதும் சூடாக இருக்கும். அங்கே இரண்டு நாள் பூட்ஸுக்கு எண்ணெய் பூசிப் பூசி ஊறவிட்டேன். தோல் வெண்ணெய் மாதிரி ஆகிவிட்டது. ரூபன் வந்து மணந்து பார்த்துவிட்டு, வந்த நாளிலிருந்து முதல்முறையாக வாய்விட்டுச் சிரித்தான். "எங்கட வீட்டுக் குசினி மணக்குது" என்றான். கால் உள்ளே போனது. ஏன் எண்ணெய் பூசினேன் என்று அவன் கேட்கவில்லை. நான் சொல்லவுமில்லை. அவ்வளவு நுட்பமாக ஒருவருக்கொருவர் உதவிக்கொண்டிருந்தோம்.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டம். மேற்குக் கடலில் இருந்து காற்று அடித்தது. முதல் பத்து நிமிடம் பழைய ரூபனைக் கண்டோம். பதினைந்தாவது நிமிடத்தில் எண்ணெய் உறையத் தொடங்கியது. இருபதாவது நிமிடத்தில் பூட்ஸ் இரண்டும் மரக்கட்டையாகிவிட்டன, வெளியே வெள்ளையாகப் பூத்தும் இருந்தன. அவன் பொய்க்கால் கட்டியவன் போல ஓடினான். சனம் சிரித்தது. நான் பந்துப் பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன், எனக்கு மட்டும் வேர்த்தது.

இடைவேளையில் பயிற்சியாளர் வந்து, "இவனை வெளியால எடுக்கிறன். வீட்டுக்கு அனுப்பச் சொல்லிக் குழுவிட்டையும் சொல்லப்போறன்" என்றார். கதவைத் திறந்துகொண்டு தலைவரும் வந்துவிட்டார். "என்ன நடக்குது இவனுக்கு?" என்று எல்லோரையும் பார்த்துக் கேட்டார். ரூபன் நிலத்தைப் பார்த்தான். அறையில் பதினெட்டுப் பேர் இருந்தார்கள். உண்மையைச் சொன்னால், தலைவர் பதினெட்டுப் பேருக்கு முன்னால் காலளவு தெரியாத சப்பாத்துக்காரன் ஆவார். ரூபன் பொய் சொன்னவன் ஆவான். சொல்லாவிட்டால் அவன் இன்றோடு முடிந்தான். இப்படியான நேரத்தில் உங்களுக்கு யோசிக்க ஒரு மணித்தியாலம் தர மாட்டார்கள். எனக்கு ஒரு வாய் தேத்தண்ணி குடிக்கிற நேரம் கிடைத்தது.

"பிழை என்ர" என்றேன். "பூட்ஸ் இளகட்டும் எண்டு நான்தான் தேங்காயெண்ணெய் பூசினனான். குளிருக்கு இறுகிப் போச்சு."

தலைவர் ஒரு பூட்ஸைக் கையில் எடுத்து மூக்கில் வைத்தார். "கிறிஸ்மஸ் கேக் மாதிரி மணக்குது" என்றார். அறை முழுக்கச் சிரித்தது. பயிற்சியாளரும் சிரித்தார், அவருக்குப் பல் இருப்பதை அன்றுதான் கண்டேன். ஆடாமல் இருந்த எங்கள் இரண்டாவது கோல் காப்பாளனின் பூட்ஸை வாங்கி ரூபனுக்குக் கொடுத்தேன். அளவு நாற்பத்து நாலு. கால் அளவாக உட்கார இரண்டு சோடி மேசு போட்டான்.

அந்த இரண்டாவது பாதியைப் பார்த்தவர்கள் இப்போது சிலர்தான் மிச்சம். இரண்டு கோல் அவன் அடித்தான், ஒன்றுக்கு வழி செய்து கொடுத்தான். கடைசிக் கோலுக்கு எதிரணிக் கோல் காப்பாளனை ஒரு பக்கம் விழவைத்து, மற்றப் பக்கத்தால் பந்தோடு நடந்தே போனான். எதிரணி ஆட்களே கை தட்டினார்கள். நான் அன்றைக்கு என்னைப் பற்றி மிகவும் உயர்வாக நினைத்துக்கொண்டேன். தலைவரின் மானம், ரூபனின் மானம், ஆட்டம், மூன்றையும் ஒரே வசனத்தில் காப்பாற்றியவன் அல்லவா.

வியாழக்கிழமைப் பயிற்சிக்குத் தலைவர் ஒரு பெட்டியோடு வந்தார். கூடவே பத்திரிகைக்காரன். பழைய பூட்ஸ் எண்ணெயால் பழுதாகிப்போனதால் புதுச் சோடி கொண்டுவந்திருக்கிறாராம். அதே பூட்ஸ். அதே நாற்பத்தொன்று. "இந்த முறை எண்ணெய் வேண்டாம்" என்று என் தோளில் தட்டினார்.

ரூபன் இரண்டு கையாலும் வாங்கினான். வாங்கிவிட்டு என்னைப் பார்த்தான். சும்மா பார்க்கவில்லை, காத்துக்கொண்டு நின்றான். இன்னும் அந்தப் பார்வை எனக்கு முன்னால் நிற்கிறது. அப்போது ஒரு வசனம் சொல்லியிருந்தால் போதும். நான் குனிந்து பந்துகளை எண்ணத் தொடங்கினேன். பதினாறு பந்து. ஒருவரும் எண்ணச் சொல்லவில்லை. முழுவதும் எண்ணி முடித்துவிட்டு நிமிர்ந்தபோது படம் பிடித்து முடிந்திருந்தது.

இடைவேளையில் நான் சொன்னது பொய்யில்லை. ஒவ்வொரு சொல்லும் உண்மை. ஆனால் பாதி உண்மை. மற்றப் பாதியை விழுங்கியபடியால்தான் அந்தப் பெட்டி வந்தது. நான் ஒருவனைக் காப்பாற்றியதாக நினைத்து, அவன் மீண்டும் அதே பூட்ஸுக்குள் காலை விடுவதற்கு ஏற்பாடு செய்திருந்தேன். இதை நான் நகைச்சுவையாகச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். முப்பது வருடத்துக்கு மேலாகியும் இதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்காத நாட்கள் இருந்திருக்கின்றன.

கோல் காப்பாளனின் பூட்ஸை மறுபடி எடுத்துக் கொடுத்தேன். ரூபன் வேண்டாம் என்றான். "தந்தவர் முன்வரிசையில இருந்து பார்க்கிறார், அண்ணை." நானும் வற்புறுத்தவில்லை. இரண்டு ஆட்டம் போனது. மேசு துவைத்தேன், பூட்ஸ் எப்படி என்று கேட்டேன், நல்ல பூட்ஸ் என்றான். கோடைக்கு முந்திய கடைசி ஆட்டத்தில் அரை மணித்தியாலம் ஓடியிருப்பான். பிறகு நடு மைதானத்தில் குந்தினான், எழும்பவில்லை. பூட்ஸைக் கழற்ற முடியாமல் கத்திரிக்கோலால் வெட்டினோம். இடது பெருவிரல் நகம் கழன்று, உள்ளே சீழ் கட்டி, கணுக்கால் வரைக்கும் வீங்கியிருந்தது. உடம்பு நெருப்பாய்க் கொதித்தது. கிரின்ஸ்டெட் ஆஸ்பத்திரியில் கீறிக் கட்டினார்கள். டொக்டர் என்னிடம், "இது இண்டைக்கு நேற்று வந்த புண் இல்லையே. ஒருத்தரும் காணேல்லையோ?" என்று கேட்டார். நான் கண்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மறுநாள் காலை கடை திறக்கும்போதே தலைவரிடம் போனேன். சனிக்கிழமை என்பதால் ஆட்கள் இருந்தார்கள். முதல் ஆட்டத்து மேசிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். டெனிஷ் வராத இடத்தில் இங்கிலீஷ், அதுவும் வராத இடத்தில் கையால் காட்டினேன். அவர் கோபப்படுவார், வேலையும் போகும் என்று தயாராகத்தான் போயிருந்தேன்.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?" என்றார்.

"நீங்கள் பரிசாத் தந்தது."

 அவர் மெதுவாகச் சொன்னார். "நான் சப்பாத்துக் கடைக்காரன். ஒவ்வொரு நாளும் ஆக்கள் இறுக்கம் எண்டு திருப்பிக் கொண்டு வருகினம். மாத்திக் குடுக்கிறன். அதுதான் என்ர தொழில்."

அவர் திட்டியிருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. அன்றே ஆஸ்பத்திரிக்கு அளவுகோலோடு போய், நோகாத வலது காலை அளந்தார். நாற்பத்து மூன்று, அகலமோ அதற்கும் மேல். குழுக் கூட்டத்தில், பிழை ரூபனுடையதல்ல, தன்னுடையது என்று எழுந்து நின்று சொன்னார். அவர்கள் கேட்டார்கள், பிறகு வாக்கெடுத்தார்கள். ஆவணி வரைக்கும் ஓட முடியாத ஒருவனுக்கு ஒப்பந்தம் கொடுக்கக் கழகத்துக்கு வசதியில்லை என்று ஒரு வாக்கால் முடிவானது. அடுத்த வருடம் வர இருந்த அந்த இரண்டு பேரைப் பற்றி எவரும் கதைக்கவில்லை. ரூபன் பிறகு தன் நாட்டு அணிக்குப் பல வருடம் விளையாடினான், தலைவனாகவும் இருந்தான். கிறிஸ்மஸுக்குக் கடிதம் போடுவான். ஐரோப்பாவில் மறுபடி விளையாட அவனுக்குக் கிடைக்கவில்லை.

பில்லுண்ட் விமான நிலையத்துக்குத் தலைவர்தான் காரில் கொண்டுபோய் விட்டார். எங்களை வாசலில் இறக்கிவிட்டு அவர் காரை நிறுத்தப் போனார். ரூபன் ரப்பர்ச் செருப்பில் நின்றான், இடது விரலில் இன்னும் கட்டு இருந்தது. நான் சொன்னேன். "ரூபன், முதல் நாளே எனக்குத் தெரியும். நான் சொல்லியிருக்க வேணும். என்னை மன்னிச்சுக்கொள்."

"உங்களுக்குத் தெரியுமெண்டு எனக்கும் தெரியும், அண்ணை. மேசு அவ்வளவு துப்புரவா வந்தது" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. "ஒவ்வொருமுறையும் பூட்ஸ் எப்பிடி எண்டு கேட்டீங்கள். அது நல்ல பூட்ஸ்தானே. கால் எப்பிடி எண்டு நீங்கள் ஒருக்காலும் கேக்கேல்லை. கேட்டிருந்தா நான் பொய் சொல்லியிருக்க மாட்டன்."

 

தலைவர் ஒரு பெட்டியோடு ஓடிவந்தார். நாற்பத்து மூன்று, அகலச் சோடி. இந்த முறை பத்திரிகைக்காரன் இல்லை. ரூபன் இரண்டு கையாலும் வாங்கி, அங்கேயே ஒரு கதிரையில் இருந்து போட்டுக்கொண்டு, பயணப்பெட்டிகளுக்கு நடுவில் நாலு அடி நடந்தான். திரும்பி வந்து தலைவரின் முகத்தை நேரே பார்த்து, "இடது கொஞ்சம் இறுக்கமாக் கிடக்கு" என்றான்.

தலைவர் நிலத்தில் முழங்காலை ஊன்றி, கட்டுப் போட்ட விரல் எங்கே முட்டுகிறது என்று தடவிப் பார்த்தார். பூட்ஸ் கயிறு முழுவதையும் இளக்கிவிட்டார். "கடையில அரை அளவு கூடின சோடி இருக்கு" என்றார். பிறகு சுவரில் இருந்த மணிக்கூட்டைப் பார்த்தார். கடை அரை மணித்தியாலத் தூரம். ரூபனை விமானத்துக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். அவன் கயிறு கட்டாத பூட்ஸோடு, இடது காலைக் கொஞ்சம் இழுத்துக்கொண்டு உள்ளே போனான்.

திரும்பி வரும்போது காரில் நான் அழுதேன். அழுகிறவனைக் கண்டால் டெனிஷ்காரர் என்ன ஏது என்று கேட்க மாட்டார்கள், கோப்பி வாங்கித் தருவார்கள். அவரும் வழியில் ஒரு கடையில் நிறுத்தி, என்னை உள்ளே கூட்டிப்போய் இருத்தி, இரண்டு கோப்பி வாங்கிவந்து ஒன்றை எனக்கு முன்னால் வைத்தார். "சரிதானே?" என்று கேட்டார். நான் ஒரு வாய் குடித்தேன். இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து அவர்கள் தந்த கோப்பியை எல்லாம் கஷாயம் குடிப்பதைப் போலக் குடித்து, நன்றி சொல்லி, கோப்பையைத் திருப்பிக் கொடுத்தவன் நான்.

"சீனி காணாது" என்றேன்.

அவர் எழும்பிப் போய் எடுத்துக்கொண்டு வந்தார்.